கனேடியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டொரொண்டோவின் ஸ்காபரோவில் படிவம் நிரப்ப உதவி கேட்டு வருபவர்களோடு உட்காருவது என் வழக்கம். வரிப் படிவம் என்று வருவார்கள். வேலை முடிந்து எழும்பும்போதுதான் உண்மையான கேள்வி வரும்: "சிட்டிசன்ஷிப் போட்டிருக்கிறன், ஒண்டும் வரேல்லை." திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் பேசிய மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. கட்டணமும் படிவமும் அடிக்கடி மாறும் என்பதால், விண்ணப்பத்தை அனுப்பும் நாளில் ஐஆர்சிசி என்று எல்லோரும் சொல்கிற குடிவரவு அமைச்சின் இணையத்தளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பி.ஆர். கிடைச்சு மூண்டு வருசம் முடிஞ்சுது. இனிப் போடலாம்தானே?

பி.ஆர். எனப்படும் நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த வருடக் கணக்கு போதாது, நாட்களை எண்ண வேண்டும். விண்ணப்பத்தில் கையெழுத்திடும் தேதிக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். வெளிநாடு புறப்பட்ட நாளும் திரும்பி வந்த நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே கணக்கில் வரும். இடையில் உள்ள முழு நாட்கள் மட்டுமே கழியும். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் உள்ள பவலோவுக்குக் காலையில் போய் இரவு திரும்பினால் ஒரு நாளும் குறையாது.

பி.ஆர். ஆவதற்கு முன்பு மாணவராகவோ வேலை அனுமதியிலோ இருந்த நாட்கள் அரை நாளாகச் சேரும். அப்படி அதிகபட்சம் 365 நாட்கள் வரை கிடைக்கும். அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு, கோரிக்கை ஏற்கப்பட்ட நாளில் இருந்துதான் அந்த அரை நாள் கணக்கு தொடங்கும். தீர்ப்புக்காகக் காத்திருந்த காலம் சேராது. இதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

"நாலு வருசம் வேணும்" என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2015 முதல் ஆறு ஆண்டுகளில் 1,460 நாட்கள் என்று இருந்தது, 2017 ஒக்டோபர் 11 அன்று இப்போதைய விதி வந்தது. வரி தாக்கல் செய்யவேண்டிய கடமை உள்ளவர்கள் அந்த ஐந்து ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளுக்காவது செய்திருக்க வேண்டும். சரியாக 1,095 அன்று போடாதீர்கள். நீங்கள் மறந்துபோன ஒரு பயணம் அவர்களுடைய எல்லைப் பதிவில் இருக்கும். இரண்டு மூன்று வாரம் கூடுதலாக வைத்துக்கொண்டு போடுவதே நல்லது.

என்ர மனுசன் சிட்டிசன். எனக்குக் கெதியாக் கிடைக்குமோ?

இல்லை. குடியுரிமை உள்ளவரைக் கட்டியவருக்கும் அதே 1,095 நாட்கள்தான்.

அனுப்பியாச்சு. இனி எவ்வளவு காலம் எடுக்கும்?

அமைச்சு தனக்கு வைத்திருக்கும் இலக்கு 12 மாதம். தளத்தில் காட்டும் மாதக் கணக்கு ஏறும், இறங்கும். அது உங்களுக்குக் கொடுத்த வாக்குறுதி இல்லை, ஒரு மதிப்பீடு மட்டுமே.

விண்ணப்பம் நோவாஸ்கோஷியாவில் உள்ள சிட்னி நகரத்து நிலையத்தின் பொறுப்பில் போகும். எல்லாம் சரியாக இருந்தால், பெற்றுக்கொண்டோம் என்று விண்ணப்ப இலக்கத்தோடு ஒரு கடிதம் வரும். ஏதாவது குறைந்தால் விண்ணப்பம் முழுவதும் திரும்பி வரும், நீங்கள் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். கடவுச்சீட்டின் வெறும் பக்கங்களைப் படியெடுக்காமல் விடுவதும், ஊர் ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு வைக்காததும் திரும்பி வருவதற்கு வழக்கமான காரணங்கள். பெரியவர்களுக்கான கட்டணம் 2025 மார்ச் 31 அன்று 649.75 டொலர் ஆனது. அதில் 530 விண்ணப்பத்தைப் பார்ப்பதற்கு, மிச்சம் குடியுரிமை உரிமைக் கட்டணம்.

எனக்குப் பிறகு போட்ட ஆளுக்குச் சத்தியப்பிரமாணமே முடிஞ்சுது. என்ர ஃபைல் எங்கயோ துலைஞ்சு போச்சோ?

துலையவில்லை. இது ஒரே வரிசை இல்லை என்பதுதான் காரணம். மொழி, நாட்கள், பின்னணி, பரீட்சை, தடைகள் என்று ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஒருவர் ஒரே முகவரியில் இருந்து, ஒரே வேலை செய்து, எங்கும் போகாமல் இருந்தால் அவருடைய கோப்பு ஓடிவிடும். இன்னொருவர் டுபாயில் வேலை செய்து, மொன்றியலில் படித்து, ஐந்து முறை ஊருக்குப் போய் வந்திருந்தால் அதிகாரிக்கு வாசிக்க நிறைய இருக்கும்.

குடும்பமாகச் சேர்த்துப் போட்டவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஒருவருடைய கோப்பு தடைப்பட்டால் மற்றவர்களும் அவரோடு சேர்ந்து நிற்பார்கள். பிரித்துப் பார்க்கும்படி இணையப் படிவம் மூலம் கேட்கலாம். அதற்கு முன் வீட்டில் கதைத்து முடிவெடுங்கள். கணவனுக்கு முதலில் கிடைத்து மனைவிக்கு நிற்பதைச் சில வீடுகள் தாங்குவதில்லை.

ட்ராக்கர்ல எல்லாம் முடிஞ்சிருச்சு, பின்னணிச் சோதனை மட்டும் நடந்துக்கிட்டே இருக்கு. என் மேல ஏதாவது சந்தேகமா?

பெரும்பாலும் அப்படி ஒன்றும் இல்லை. ஆர்சிஎம்பி எனப்படும் கூட்டாட்சிப் பொலிஸ் குற்றப் பதிவைப் பார்க்கும், சிசிஸ் எனப்படும் உளவுத்துறை பாதுகாப்புப் பக்கத்தைப் பார்க்கும். பதில் வந்து சேரும் வரை, விண்ணப்பத்தின் நிலையை இணையத்தில் காட்டும் ட்ராக்கரில் அந்த ஒரு வரி அசையாமல் நிற்கும். பொதுவான பெயர் உள்ளவர்களிடம் கைரேகை கேட்பதும் உண்டு. கேட்டால் பதறாமல் கொடுத்துவிடுங்கள்.

கடந்த நான்கு ஆண்டுகளில் வேறொரு நாட்டில் தொடர்ந்து 183 நாட்களோ அதற்கு மேலோ இருந்தவர்கள் அந்த நாட்டின் பொலிஸ் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். தடைகள் என்ற பகுதியில் குற்ற வழக்கு, நாடுகடத்தல் உத்தரவு போன்றவற்றைப் பார்ப்பார்கள். விண்ணப்பம் நடக்கும்போது பொலிஸ் வழக்கு ஏதாவது வந்தால் அதை மறைக்கக் கூடாது. வழக்கு முடியும் வரை சத்தியப்பிரமாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

பரீட்சை கஷ்டமோ? தமிழில எழுதலாமோ?

ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் மட்டும்தான் எழுதலாம். 20 கேள்விகள், 15 சரியாக வந்தால் போதும். 'டிஸ்கவர் கனடா' என்ற இலவச அரசுப் புத்தகத்தில் இருந்துதான் கேள்விகள் வரும். 1867இல் நாடு உருவானது, 1917இன் விமி ரிட்ஜ் போர், 1982இன் உரிமைச் சாசனம், 1999இல் நுனவுட் தனிப் பிரதேசமானது போன்றவை. வட்ஸ்அப்பில் சுற்றும் தமிழ்க் குறிப்புகள் விளங்கிக்கொள்ள உதவும். ஆனால் ஆங்கிலச் சொல்லைப் பரீட்சையில்தான் முதல்முறை பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

பெரும்பாலானவர்கள் வீட்டில் இருந்து இணையத்தில் எழுதுகிறார்கள். கமரா உங்களைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் பிள்ளை நின்று விடை சொல்வது நடக்காது. அழைப்பு வந்த மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குள் போய்க் கிடந்து காலம் கடந்துவிடுவது, பரீட்சையில் தோற்பதை விடப் பெரிய வில்லங்கம். குப்பைப் பெட்டியைக் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள்.

அம்மாக்கு 54 முடிஞ்சு எட்டு மாசம். இங்கிலீஸ் வராது. இப்ப போட்டா, பரீட்சை வாறதுக்குள்ள 55 ஆயிடுமே?

ஆகும், ஆனால் பயனில்லை. மொழிச் சான்றும் பரீட்சையும் 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்கு. அந்த வயதை விண்ணப்பத் தேதியில் பார்க்கிறார்கள். 54இல் போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது 55 வந்தாலும் அம்மா பரீட்சை எழுதித்தான் ஆக வேண்டும். நான்கு மாதம் பொறுத்து, 55ஆவது பிறந்தநாள் முடிந்தபின் கையெழுத்திட்டால் இரண்டுமே தேவையில்லை. இந்த இடத்தில் காத்திருந்து போடுவதுதான் கெட்டித்தனம்.

பிஆர் கார்டு அடுத்த மாசம் முடியுது. எப்படியும் சிட்டிசன் ஆகப் போறோம், ரினியூ பண்ணணுமா?

வெளிநாடு போகும் எண்ணமே இல்லை என்றால் கட்டாயம் இல்லை. கார்டு காலாவதியானாலும் பி.ஆர். உரிமை போகாது, குடியுரிமை விண்ணப்பமும் பாதிக்காது. ஆனால் வெளிநாட்டில் இருந்து கனடாவுக்கு விமானம் ஏற அந்தக் கார்டு வேண்டும். ஊரில் இருக்கும்போது கார்டு முடிந்துவிட்டால், தனிப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்து, அது வரும் வரை அங்கேயே நிற்க நேரிடும்.

ஊரில் வயதான பெற்றோர் இருந்தால் 50 டாலர் கொடுத்துப் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அவசரம் சொல்லிக்கொண்டு வராது. "எப்படியும் ஆகப் போறோம்" என்ற அந்த நினைப்புத்தான் இந்தப் பக்கத்தில் உள்ள பாதிச் சிக்கல்களுக்குக் காரணம். சத்தியப்பிரமாணம் எடுக்கும் நிமிடம் வரை நீங்கள் பி.ஆர். மட்டுமே.

காத்திருக்கிற நேரத்துல ஆறு மாசம் சென்னைல இருக்கலாமா? நாள் கணக்கு குறையுமா?

குறையாது. 1,095 நாட்களைக் கையெழுத்துத் தேதிக்கு முன்னால்தான் எண்ணுகிறார்கள் என்று முதல் கேள்வியில் பார்த்தோம். "கனடாவிலேயே வாழப் போகிறேன் என்று உறுதி தர வேண்டும்" என்ற பழைய நிபந்தனையும் 2017இல் நீக்கப்பட்டுவிட்டது.

ஆனால் பி.ஆர். கடமை தொடரும். எந்த ஐந்து ஆண்டை எடுத்தாலும் 730 நாட்கள் இங்கே இருந்திருக்க வேண்டும். அமைச்சு ஆவணம் கேட்டால் சொன்ன தேதிக்குள் கொடுக்க வேண்டும். சத்தியப்பிரமாணம் ஜூமில் நடந்தாலும் அந்த நேரத்தில் நீங்கள் கனடாவுக்குள் இருக்க வேண்டும். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் இருந்து சத்தியம் செய்ய முடியாது. நீண்ட நாள் போவதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

பிள்ளையளுக்குத் தனியாப் போட வேணுமோ?

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் போட வேண்டாம், பெரும்பாலும் அவர்கள் பிறப்பிலேயே குடிமக்கள். ஊரில் பிறந்து பி.ஆர். உள்ள 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒரு படிவம் உண்டு, 100 டொலர். பெற்றோரோடு சேர்த்துப் போடலாம், அப்போது பிள்ளைக்கு 1,095 நாள் நிபந்தனை இல்லை. 14 வயதுக்குக் குறைந்தவர்கள் சத்தியப்பிரமாணம் எடுக்கத் தேவையில்லை.

பாஸ்போர்ட்டில் அப்பா பேரும் என் பேரும் இடம் மாறிக் கிடக்கு. சிட்டிசன்ஷிப் சான்றிதழில் சரியாப் போடச் சொல்லலாமா?

தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி இது. குடும்பப் பெயர் என்ற பெட்டிக்குள் யாரோ ஒருவருடைய பெயரைப் போட்டுத்தானே ஆக வேண்டியிருந்தது. சான்றிதழில் வழக்கமாக உங்கள் குடிவரவு ஆவணத்தில் உள்ள பெயரே வரும். மாற்ற வேண்டும் என்றால் மாகாணத்தில் சட்டப்படி பெயர் மாற்றி, அந்தச் சான்றைக் காட்ட வேண்டும். விண்ணப்பத்துக்கு முன்பே செய்தால் நல்லது. நடுவில் செய்தால் உடனே அறிவியுங்கள். வீடு மாறினாலும் அப்படித்தான்.

கனக்கக் கேள்வியோட ஒரு பெரிய படிவம் வந்திருக்கு. பயணம், வாடகை, வேலை எல்லாம் கேக்கினம். நிராகரிக்கப் போகினமோ?

இல்லை, உங்கள் நாள் கணக்கை அவர்கள் நம்பத் தயங்குகிறார்கள். வசிப்பிடக் கேள்விக்கொத்து என்பார்கள். அடிக்கடி பயணம் போனவர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள், கணக்கு 1,095ஐ ஒட்டி நிற்பவர்கள் ஆகியோருக்கு இது வருவது உண்டு. வாடகை ஒப்பந்தம், சம்பளத் துண்டு, வரி மதிப்பீட்டுக் கடிதம், பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம், வங்கிக் கூற்று, மருத்துவர் பதிவு எல்லாவற்றையும் ஆண்டு வாரியாக அடுக்கிக் கொடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். கனடா எல்லைச் சேவை நீங்கள் உள்ளே வருவதை மட்டுமல்ல, வெளியே போவதையும் இப்போது பதிகிறது. தரைவழிக்கு 2019 முதலும் விமானத்துக்கு 2020 முதலும் அது நடக்கிறது. ஞாபகத்தில் இருந்து தேதி எழுதாதீர்கள். கடவுச்சீட்டு முத்திரை, பழைய டிக்கெட் மின்னஞ்சல் இரண்டையும் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நான் அகதியா வந்து பி.ஆர். எடுத்தனான். சிட்டிசன்ஷிப் போட்டிருக்கு. அம்மா கடுமை, ஊருக்கு ஒருக்காப் போயிட்டு வரலாமோ? எல்லாரும் போகினம்தானே?

போகாதீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கவும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக மீண்டும் தேடிக்கொண்டவர் இனி அகதி இல்லை என்று முடிவெடுக்க இடம் தருகிறது. அந்த நாட்டுக் கடவுச்சீட்டை எடுப்பதும் அதில் பயணம் செய்வதும் அப்படித் தேடியதற்கான அடையாளமாகப் பார்க்கப்படும். முன்பு அகதி நிலை மட்டும் போகும், பி.ஆர். மிஞ்சும். 2012 டிசம்பர் 15 முதல் பி.ஆர். உரிமையும் சேர்ந்தே போகலாம். இருபது வருடம் இங்கே இருந்தவர், வீடு வாங்கியவர், பிள்ளைகள் இங்கே பிறந்தவர் என்பதெல்லாம் தானாக ஒரு பாதுகாப்பாக ஆகாது. குடியுரிமைப் படிவத்தில் நீங்களே எழுதும் பயணப் பட்டியல்தான் சிலருக்கு இந்த வழக்கின் தொடக்கமாக இருந்திருக்கிறது. வழக்கு வந்தால் குடியுரிமை விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

எல்லாரும் போகினம் என்பது உண்மைதான். போகிறவர்களில் பலர் ஏற்கெனவே குடிமக்கள், அல்லது குடும்ப ஸ்பொன்சரில் வந்தவர்கள். அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. உங்களுக்குக் கனடாவின் அகதிப் பயண ஆவணம் கிடைக்கும். அது இலங்கைக்குச் செல்லாது, ஆனால் விசா கிடைத்தால் மூன்றாவது நாடொன்றில் அம்மாவைச் சந்திக்கலாம். அம்மா பயணம் செய்ய முடியாத நிலையில் இருந்தால் இந்தப் பதில் எவ்வளவு கொடுமையானது என்று தெரியும். அப்போதும் டிக்கெட் எடுப்பதற்கு முன் அகதிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் போங்கள். ஏற்கெனவே போய் வந்தவர்கள் பயணத்தை மறைத்து எழுதக் கூடாது. முதலில் வழக்கறிஞர், பிறகு படிவம்.

காசு குடுத்தா கெதியா எடுத்துத் தாறன் எண்டு ஒருத்தர் சொல்றார். உண்மையோ?

பொய். கட்டணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காகப் பேச உரிமம் பெற்ற ஆலோசகர், வழக்கறிஞர் போன்றோருக்கு மட்டுமே அனுமதி உண்டு, அவர்களாலும் வரிசையைத் தாண்ட முடியாது. அவசரக் காரணம் இருந்தால் நீங்களே கேட்கலாம். குடியுரிமை இல்லாததால் வேலை போகும் நிலை, குடும்பத்தில் மரணம் அல்லது கடும் நோய் இருந்தும் இப்போதைய கடவுச்சீட்டில் போக முடியாத நிலை போன்றவற்றை ஆதாரத்தோடு எழுதிக் கேட்க வேண்டும். கேட்டவருக்கெல்லாம் கிடைப்பதில்லை.

ஒன்றரை வருஷம் ஆச்சு. ஃபோன் பண்ணா "நடக்குது"ன்னு மட்டும் சொல்றாங்க. வேற என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் கோப்புக் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். தகவல் அறியும் சட்டத்தில் கேட்டால் 5 டாலர், தனியுரிமைச் சட்டத்தில் கேட்டால் இலவசம். எந்தப் பகுதி எந்தத் தேதியில் இருந்து நிற்கிறது என்பது அதில் தெரியும். அதை வைத்துக்கொண்டு உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போங்கள். ஓட்டு இல்லாவிட்டாலும் நீங்கள் அந்தத் தொகுதிக்காரர்தான். அவர்களால் முடிவை மாற்ற முடியாது, விசாரிக்க முடியும். தூங்கிக் கிடக்கும் கோப்பை யாராவது திறந்து பார்க்க அது போதும்.

அதற்கும் அசையாவிட்டால் மாண்டேமஸ். "முடிவெடுங்கள்" என்று அமைச்சுக்கு உத்தரவிடும்படி கூட்டாட்சி நீதிமன்றத்தைக் கேட்பது. நீதிமன்றக் கட்டணம் 50 டாலர்தான், செலவு வழக்கறிஞருக்கு. தாமதம் நியாயமற்றது, அதற்கு நீங்கள் காரணம் இல்லை என்று காட்ட வேண்டும். 12 மாதத்தைச் சற்றே தாண்டியவுடன் இதைத் தொடங்கச் சொல்பவரை நான் நம்ப மாட்டேன்.

சத்தியப்பிரமாணம் முடிஞ்ச அண்டைக்கே டிக்கெட் போடலாமோ? பழைய பாஸ்போர்ட்டை என்ன செய்யிறது?

போடாதீர்கள். மன்னர் மூன்றாம் சார்ள்ஸுக்கு விசுவாசம் சொல்லி முடித்ததும் பி.ஆர். கார்டு செல்லாது. கனேடியக் கடவுச்சீட்டு கையில் வரும் வரை பயணத்துக்கு உங்களிடம் ஒன்றும் இல்லை. சான்றிதழ் வந்து, கடவுச்சீட்டு எடுத்து, அதன் பிறகு டிக்கெட்.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. கனேடியர் ஆன கணமே 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். பழைய பாஸ்போர்ட்டில் "கடைசியா ஒரு தடவை" போவது குற்றம். ஒப்படைத்துச் சான்று வாங்கி, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ கார்டு எடுங்கள். அதில் ஓட்டுரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. இலங்கைச் சட்டத்திலும் குடியுரிமை தானாக இழக்கப்படும், ஆனால் வழி இருக்கிறது. 19(3) பிரிவில் முன்கூட்டியே தக்கவைக்கக் கேட்கலாம், 19(2) பிரிவில் பிறகு திரும்பப் பெறக் கேட்கலாம். காணி, உறுதி என்று இழுபறி உள்ளவர்கள் காத்திருக்கும் இந்த மாதங்களில் அதை விசாரித்து வைப்பது நல்லது. அகதியாக வந்தவர்கள் மட்டும், ஊர்க் கேள்விக்குச் சொன்ன அதே காரணத்துக்காக, சத்தியப்பிரமாணத்துக்கு முன்பு இலங்கைத் தூதரகப் பக்கம் போக வேண்டாம்.

மாட்டன் எண்டு சொன்னா எல்லாம் முடிஞ்சுதோ?

இல்லை. நாட்கள் குறைந்ததால் நிராகரித்தால் பி.ஆர். உரிமை அப்படியே இருக்கும். நாட்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் போடலாம், கட்டாயக் காத்திருப்புக் காலம் இல்லை. உரிமைக் கட்டணம் திரும்பி வரும், 530 வராது. முடிவு பிழை என்று நினைத்தால் 30 நாட்களுக்குள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மீளாய்வுக்கு அனுமதி கேட்க வேண்டும். அந்தக் கடிதம் கிடைத்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.